நிறுத்திய பிறகும் சீறிய வான்

காலை வைத்தேன். பிரேக் இறங்கவில்லை.

கல்லை மிதித்தது போல இருந்தது. முன்னால் ரயில் பாதை. வலப்பக்கத்து வாழைகளுக்கு அங்கால் ரயில் கூவியது. வானுக்குள், எனக்குப் பின்னால், பள்ளிப் பிள்ளைகள். என் காலடியில் 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சீறல்.

அப்போது நான் செய்ததை என்னால் இன்றும் நம்ப முடியவில்லை. காலைத் தூக்கிவிட்டேன். வான் உருண்டுகொண்டிருந்தது. நான் பிரேக்கிலிருந்து காலைத் தூக்கினேன்.

பாம்பை மிதித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அந்த நினைப்பு எப்படி வந்தது என்று சொன்னால்தான் இது விளங்கும்.

வான் அன்ரி

போன கிழமை இந்தப் பத்தியில் இவருடைய கண்ணைப் பற்றி எழுதினேன். படிக்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். இவர் என்றால் என் கணவர். பள்ளிக்கூட வான் ஓடியவர். சீனி வருத்தம் கண்ணைத் தின்றது. இப்போது வெளிச்சமும் நிழலும் தெரியும். ஆட்கள் தெரியாது. அதனால் வானை நான் எடுத்தேன். பண்டத்தரிப்பில் பிள்ளைகளை ஏற்றத் தொடங்கி உடுவிலில் இறக்கி முடிப்பேன். பிள்ளைகளுக்கு நான் வான் அன்ரி. என் பெயர் மலர் என்று அவர்களில் பலருக்குத் தெரியாது.

எங்கள் வான் பழைய டொல்பின் வான். அதற்கு இயந்திரம் முன்னால் இல்லை. ஓட்டுபவரின் சீற்றுக்குக் கீழே இருக்கிறது. சீற்றைத் தூக்கினால் இயந்திரம். மாரியில் சுகம். பங்குனியில் அடுப்பில் குந்தியிருப்பது போல.

அதனால் இயந்திரத்தில் என்ன சத்தம் வந்தாலும் எனக்குக் காதில் கேட்க முன்னம் உடம்பில் தெரியும். அப்படித்தான் நினைத்திருந்தேன்.

காத்துப் போகுது

முதல் நாள் அதைக் கேட்டது நானில்லை. இவர்.

பின்னேரம் பிள்ளைகளை இறக்கிவிட்டு வீட்டு வளவுக்குள் வானை விட்டேன். இவர் வழமைபோல முருங்கைக்குக் கீழே பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தார்.

"நிப்பாட்டிப்போட்டீரோ?" என்றார்.

"ஓம். சாவி கையிலை."

"அப்ப உதென்ன சத்தம்?"

அப்போதுதான் கேட்டேன். மெல்லிய சீறல். கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு தேய்ந்து தேய்ந்து நின்றது.

"காத்துப் போகுது எங்கையோ," என்றார். "ரயரைப் பாரும்."

ரயர்கள் எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தேன். சரியாக இருந்தன.

"அப்ப உள்ளுக்கைதான். சீற்றைத் தூக்கும்."

இந்த இடத்தில் இவருடைய காதைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சில்வண்டு

சண்டைக் காலத்தில், பெற்றோல் வராதபோது, இவர் வாடகைக் கார் ஓடினார். அப்போது இங்கே கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. தொடக்கி எடுக்க மட்டும் ஒரு சொட்டுப் பெற்றோல். அதை மருந்துப் போத்தலில் வைத்து, குழந்தைக்குப் புகட்டுவது போல இயந்திரத்துக்குப் புகட்டுவார்கள். பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பின்னால் இருப்பவர்களுக்குக் கண் எரியும். மாப்பிள்ளை அழுதுகொண்டு போனதையும் கண்டிருக்கிறேன். பெண்வீட்டார் அதை வேறுவிதமாகக் கதைத்தார்கள்.

அந்தப் புகைக்குள் இருந்து இவர் காதால் ஓடப் பழகினார். இருமினால் இன்னது, முனகினால் இன்னது என்று மூடியைத் திறக்காமலே சொல்லுவார். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

ஒருமுறை கொடிகாமத்தில் இருந்து தேங்காய் ஏற்றிக்கொண்டு வந்தோம். நானும் கூட இருந்தேன். வழியில் நிறுத்தினார். கார் நின்ற பிறகும் கிர்ர்ர் என்று ஒரு சத்தம்.

"உள்ளுக்கை ஒரு சில்வண்டு இருக்கு," என்றார்.

நான் சிரித்தேன். மூடியைத் திறந்தார். உண்மையாகவே சில்வண்டு. ஓரத்தில் ஒட்டிக்கொண்டு கத்தியது.

அன்றைக்கு இவர் ஒன்று சொன்னார். "இயந்திரம் சாவிக்குக் கட்டுப்படும். உயிர் கட்டுப்படாது. நிப்பாட்டின பிறகும் கத்தினா அது உயிர்."

சொன்னதோடு விடவில்லை. வாழ்நாள் முழுவதும் எல்லாருக்கும் அதைச் சொன்னார். வண்டி திருத்தும் கராச்சுகளில் சொன்னார். கலியாண வீடுகளில் சொன்னார். நானும் அதை நம்பினேன். கண்ணால் கண்டதல்லவா.

தோல்

சீற்றின் கொக்கியைக் கழற்றித் தூக்கினேன்.

இயந்திரத்துக்குப் பக்கத்தில், கறுத்த குழாய்களுக்கு மேலே, ஒரு தோல் கிடந்தது. நீளமாக. மெல்லிய பொலித்தீன் போல. அதில் செதில் செதிலாகக் கோடுகள். என் மூச்சுக் காற்றுக்கு அது அசைந்தது.

சீற்றை இறக்கினேன். போடவில்லை. மெதுவாக இறக்கினேன்.

"என்ன?" என்றார் இவர்.

"பூச்சியின்ரை தோல்."

நான் பிறந்தது தென்மராட்சிப் பக்கம். எங்கள் வீட்டில் பாம்பு என்று வாயால் சொல்ல மாட்டார்கள். பூச்சி என்பார்கள். அப்பா தேங்காய் மட்டைக் குவியலுக்குள் நாகத்தைக் கண்டால் மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டு, விருந்தாளியை அனுப்புவது போலக் கும்பிட்டு, "போட்டு வாங்கோ" என்பார். அதுவும் போகும். அடித்ததைக் கண்டதில்லை. நாகதம்பிரானுக்குப் பொங்கும் வீடு எங்களுடையது.

இவர் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு மெல்லச் சொன்னார்.

"நிப்பாட்டின பிறகும் சீறினது."

"ஓம்."

"அப்ப காத்தில்லை. அவர் உள்ளுக்கை இருக்கிறார்."

எழுந்து நின்று கும்பிட்டார். கண் தெரியாததால் முகம் கொஞ்சம் விலகி முருங்கையைப் பார்த்தபடி இருந்தது. நான் திருத்தவில்லை.

மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டுப் பரமேஸ்வரியக்காவின் தலை தெரிந்தது. அவவின் இரண்டு பெண்பிள்ளைகளும் என் வானில்தான் போகிறார்கள்.

"என்ன மலர், வானைக் கும்பிடுறார்?"

சொன்னேன். மதிலைச் சுற்றி ஓடி வந்தா.

"நல்லதோ சாரையோ?"

"தோல்தான் அக்கா கிடக்கு. ஆளைக் காணேல்லை."

"சாரை வானுக்குள்ளை ஏன் வருது? நல்லதுதான். நாகம்தான்." அவவே கேட்டு அவவே முடிவு சொன்னா. "ஒருத்தருக்கும் கிடைக்காத பாக்கியம். துரத்திப்போடாதை. சீற்றைத் தூக்கி வெருட்டாதை. மூண்டு வெள்ளிக்குப் பாலும் முட்டையும் வை. தானாப் போவார்."

"பிள்ளையளை ஏத்துறனே அக்கா. உங்கடை பிள்ளையளையும்தான்."

"கும்பிடுற ஆக்களை அவர் தொடமாட்டார்."

இவர் தலையை ஆட்டினார்.

வேதக்காரனும் பாம்பும்

எனக்கு மனம் ஒப்பவில்லை. அடுத்த நாள் வானைச் சாம் அண்ணையின் கராச்சுக்குக் கொண்டுபோனேன். பண்டத்தரிப்பில் எங்கள் வானை எப்போதும் அவர்தான் பார்ப்பார். ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போகிறவர்.

"என்ன சத்தம்?"

"சீறுது அண்ணை. நிப்பாட்டின பிறகும்."

காதை வைத்துக் கேட்டார். நெற்றி சுருங்கியது. "பெல்ற் எண்டால் ஓடேக்கை கத்தும். இதென்ன, நிப்பாட்டினாப் பிறகு?" சீற்றில் கை வைத்தார்.

"பூச்சியின்ரை தோல் கிடக்குது," என்றேன்.

சாம் அண்ணை ஒரே பாய்ச்சலில் வேலை மேசைக்கு மேலே நின்றார். இவ்வளவு பெரிய வயிறோடு எப்படி ஏறினார் என்று தெரியவில்லை.

"முதலே சொல்லமாட்டீரோ!"

"நீங்கள் வேதக்காரர்தானே. உங்களுக்கென்ன நாகம்?"

"நான் வேதக்காரன்தான். ஆனா பாம்புக்கு அது தெரியுமோ? பாம்பை எடுத்துப்போட்டுக் கொண்டு வாரும், நான் பாக்கிறன்."

"ஆர் எடுக்கிறது?"

"அது உங்கடை கோயில் விசயம்."

வீட்டில் நாகத்தை அனுப்பக்கூடாது என்றார்கள். கராச்சில், நாகம் போகாமல் வானைத் தொடமாட்டோம் என்றார்கள். இரண்டுக்கும் நடுவில் நான் வானை ஓடினேன். நிறுத்தினால் பிள்ளைகள் வேறு வானுக்குப் போவார்கள். போனவர்கள் திரும்பி வரமாட்டார்கள். எங்களுக்கு வேறு வரும்படி இல்லை.

பிள்ளைகளுக்கு மேலே ஒரு பாம்பு வந்தால் என்ன செய்வது? அதையே நினைத்துக்கொண்டு ஓடினேன். வேறு எதையும் நினைக்கவில்லை.

பாலும் முட்டையும்

வெள்ளிக்கிழமை பரமேஸ்வரியக்கா ஒரு சில்வர் கிண்ணத்தில் பால் கொண்டு வந்தா. விளிம்பில் அவவின் பெயர் வெட்டியிருந்தது. இவர் ஒரு முட்டையை, வழியைத் தடவித் தடவி, கொண்டுபோய் முன் ரயருக்குப் பக்கத்தில் வைத்தார்.

காலையில் கிண்ணம் காலி. முட்டையைக் காணவில்லை.

"எடுத்திட்டார்," என்றார் இவர். முகத்தில் ஒரு சந்தோசம். கண் போன பிறகு அப்படி நான் கண்டதில்லை. வெள்ளி மட்டும் என்றிருந்தது பிறகு எல்லா நாளும் ஆயிற்று.

பிள்ளைகளுக்கும் தெரிந்துவிட்டது. ஏறும்போது "குட் மோர்னிங் நாகம்மா" என்றார்கள். சத்தம் போடாமல் இருந்தார்கள். அது ஒன்றுதான் எனக்குச் சுகம். ஆனால் சீற்றின் இடைவெளிக்குள் பிஸ்கற் போட்டார்கள். இடைவேளைக்குக் கொண்டுவந்த வணிஸைப் பிய்த்துப் போட்டார்கள். எல்லாரிலும் சின்னவள் தர்சி. அவள் ஒருநாள் தன் சாப்பாட்டுப் பெட்டியில் இருந்த பாணில் பாதியைப் போட்டாள்.

"ஏன் பிள்ளை உனக்குப் பசிக்கேல்லையோ?"

"நாகம்மாவுக்கு அம்மா இல்லைத்தானே அன்ரி," என்றாள்.

சீறல் கூடியது. முதலில் நிறுத்திய பிறகு மட்டும் கேட்டது. பிறகு ஓடும்போதும் கேட்டது. பிரேக்கை மிதித்தால் இன்னும் கூடியது.

"அவருக்குக் குலுக்கல் பிடிக்காது," என்றா பரமேஸ்வரியக்கா. "பையப் பிடி."

இன்னொன்றும் இருந்தது. பிரேக் பாரமாக இருந்தது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூட அழுத்த வேண்டியிருந்தது. என் முழங்கால் பழசாகிவிட்டது என்று நினைத்தேன். படுக்க முன் எண்ணெய் பூசினேன். இவர் தேய்த்தும் விட்டார். பிரேக் பாரமானதை ஒருவருக்கும் நான் சொல்லவில்லை. சொல்லும் பழக்கம் எனக்கில்லை.

கடவை

இன்னும் ஒரு வெள்ளி இருந்தது. அதற்கு முன்னம் அந்தக் காலை வந்தது.

உடுவில் பக்கம் ஓர் ஒடுங்கிய ஒழுங்கை ரயில் பாதையைக் கடக்கிறது. அந்தக் கடவைக்குப் படலையோ காவலாளியோ கிடையாது. நின்று இரண்டு பக்கமும் பார்த்துத்தான் போவேன். வழமையாக அந்த நேரத்தில் ரயில் வராது. அன்றைக்குப் பிந்தி வந்தது.

ஒழுங்கையில் ஆடுகள். மிதித்தேன். சீறியது. ஒரு மோட்டார் சைக்கிள் குறுக்கே வந்தது. மிதித்தேன். இன்னும் பெரிதாகச் சீறியது. பிள்ளைகள் "உஷ், நாகம்மாக்குக் கோவம்" என்றார்கள்.

கடவை தெரிந்தது. ரயில் கூவியது. மிதித்தேன்.

இறங்கவில்லை.

காலடியில் பெரிய சீறல். நான் காலைத் தூக்கினேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு கண்மூடித் திறக்கும் நேரமாக இருக்கும். அந்த நேரத்தில் நான் பார்த்தது ரயிலை இல்லை. குனிந்து என் காலைப் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை. செருப்பு மட்டும் இருந்தது.

பிறகு கை தானாக ஹான்ட் பிரேக்கை இழுத்தது. மற்றக் கை ஸ்ரியரிங்கை இடப்பக்கம் ஒடித்தது. வான் ஒரு தென்னோலைக் கிடுகு வேலியைப் பிய்த்துக்கொண்டு மரவள்ளித் தோட்டத்துக்குள் போய் நின்றது.

ரயில் போனது. காற்று அடித்தது. கிடுகுகள் பறந்தன. ஒரு பெட்டியின் வாசலில் ஒருவன் நின்று வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எங்களைக் கண்டு கை காட்டினான்.

அந்தக் கை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

பிள்ளைகள் ஒருவரும் அழவில்லை. அதுதான் என்னைப் பயப்படுத்தியது. திரும்பிப் பார்த்தேன். எல்லாருக்கும் கண் பெரிதாக இருந்தது. ஒரு தண்ணீர்ப் போத்தல் மட்டும் உருண்டுகொண்டிருந்தது.

தர்சி கேட்டாள். "அன்ரி, நாகம்மா உங்களைக் கடிச்சுப்போட்டுதோ?"



வேலிக்காரர்

"ஆரடா அது! நேத்துத்தான் அடைச்ச வேலி!"

உடுத்த சாரத்தோடு ஒருவர் ஓடி வந்தார். வாயில் பிரஷ். முகத்தில் பற்பசை. வானுக்குள் பார்த்தார். பிரஷை எடுத்தார்.

"பிள்ளையளை இறக்கும் முதல்," என்றார்.

இறக்கினோம். எண்ணினேன். திரும்பவும் எண்ணினேன்.

"என்ன தங்கச்சி நடந்தது?"

"பிரேக் பிடிக்கேல்லை."

"ஏன்?"

"பாம்பு."

"எங்கை?"

"சீற்றுக்குக் கீழை."

அவர் என்னைப் பார்த்தார். வானைப் பார்த்தார்.

"பாம்பு பிரேக்கைப் பிடிக்க விடாதோ?"

அவர் நக்கலாகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டார். ஆனால் இன்னொருவர் வாயால் அதைக் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. இவ்வளவு நாளும் இதை நாங்கள் ஒருவரும் எங்களிடம் கேட்கவில்லை.

"கொக்கத்தடி இருக்கோ?" என்றேன்.

முருங்கைக்காய் பறிக்கும் நீளத் தடியைக் கொண்டுவந்தார். நான் சீற்றின் கொக்கியைக் கழற்றிவிட்டு விலகினேன். அவர் தூரத்தில் நின்று தடியால் கொழுவித் தூக்கினார். பிள்ளைகள் மரவள்ளிக்குப் பின்னால் நின்று கும்பிட்டார்கள்.

பாம்பு இல்லை.

ஒரு கூடு இருந்தது. பற்றறிப் பக்கத்து மூலையில், ஒரு சட்டி அளவில். பள்ளிக் கொப்பித் தாள்கள். ஒரு நாடா, யாரோ பிள்ளையின் தலையில் கட்டுவது. பிஸ்கற் உறைகள். முட்டைக்கோது. எல்லாவற்றுக்கும் நடுவில், மெத்தை போல, அந்தத் தோல். நறுக்கி நறுக்கி வைத்திருந்தது.

"எலி," என்றார் வேலிக்காரர். "பெரிய குடும்பம் போலை."

பாம்பு முன்னம் வந்து போனதோ, எலி எங்கிருந்தோ அந்தத் தோலை இழுத்துக்கொண்டு வந்ததோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் எலி பாம்பின் தோலைப் போட்டுப் படுத்திருந்தது. நாங்கள் வெளியில் நின்று கும்பிட்டோம்.

கூட்டுக்குப் பக்கத்தில் ஒரு தடித்த றப்பர் குழாய். அதில் ஒரு ஓட்டை. விளிம்பெல்லாம் பல்லின் அடையாளம். பழைய கடி கறுத்திருந்தது. புதிய கடி பளிச்சென்று இருந்தது.

பெருவிரல்

சாம் அண்ணைக்குப் போன் அடித்தேன்.

"வடிவாப் பாத்தனீரோ? இல்லைத்தானே?"

"இல்லை. எலி."

மோட்டார் சைக்கிளில் வந்தார். குழாயைத் தடவிப் பார்த்தார். இயந்திரத்தைத் தொடக்கச் சொன்னார். சீறியது. ஓட்டையில் பெருவிரலை வைத்து அமர்த்தினார். சீறல் நின்றது.

"இப்ப மிதியும்."

மிதித்தேன். வெண்ணெய் போல இறங்கியது.

விரலை எடுத்தார். ஸ்ஸ்ஸ். மிதித்தேன். கல்.

ஒரு றப்பர்க் குழாய். அதன் வழியாகக் காற்றை உறிஞ்சி எடுத்தால்தான் பிரேக் இலேசாகும் என்று அவர் சொன்னார். இல்லாவிட்டால் ஆம்பிளையின் காலுக்கும் கஷ்டமாம்.

"நிப்பாட்டின பிறகும் ஏன் அண்ணை சீறினது?"

"உறிஞ்சி வெறுமையாக்கின இடத்துக்கு வெளிக்காத்துத் திரும்பி ஓடுது. நிரம்பும் மட்டும் சீறும்."

அவ்வளவுதான். காற்று.

சாம் அண்ணை மரவள்ளிக்குள் நின்ற பிள்ளைகளைப் பார்த்தார். "அண்டைக்கு நான் சீற்றைத் தூக்கியிருக்கவேணும்," என்றார். பிறகு திரும்பிக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தார்.  நாங்கள் பால் வைத்தோம். பிள்ளைகள் பாண் போட்டார்கள். எலி வந்தது. எலிக்குப் பசி போனது. பல் போகவில்லை. சாப்பிட்டு முடித்துக் குழாயைக் கடித்தது. அந்தக் குழாயைக் கடிக்க நாங்கள் நாளும் சாப்பாடு கொடுத்து ஆள் வைத்திருந்தோம்.

அதை நினைத்தபடி மரவள்ளி வரம்பில் குந்திவிட்டேன்.  வேலிக்காரர் ஒரு கதிரை கொண்டுவந்து போட்டார். தேத்தண்ணியும் வந்தது. கையில் வைத்திருந்தேன். ஆறிவிட்டது.

ஆர் ஆர் இருந்தவை

பிள்ளைகளை ஓட்டோவில் அனுப்பிவிட்டு, வானைச் சாம் அண்ணையிடம் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். இவர் கதிரையில் இருந்தார். வானின் சத்தம் கேட்காமல் என் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டதும் எழுந்துவிட்டார்.

சொன்னேன். குறைக்காமல் சொன்னேன். எலி, குழாய், கடவை, நான் காலைத் தூக்கியது.



"காத்தெண்டு முதல் சொன்னது நான்," என்றார்.

"ஓம்."

"பிறகு மாத்தினதும் நான்."

நான் ஓம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. தோலைக் கண்டு சீற்றை இறக்கியது நான்தானே.

"ஆர் ஆர் இருந்தவை?" என்றார்.

பெயர் சொன்னேன். ஆதிரா. கிருசாந்தி. பரமேஸ்வரியக்காவின் இரண்டு பேரும். ஆபிரகாம் மாஸ்ரரின் பேத்தி. ஒவ்வொரு பெயருக்கும் தலையை ஆட்டினார். எல்லாரையும் அவர் ஏற்றி இறக்கியவர். முகம் தெரியாவிட்டாலும் எந்தப் பிள்ளை எந்த இடத்தில் இருக்கும் என்று தெரியும்.

"தர்சி?"

"ஓம். தர்சியும்."

கதிரையில் இருக்கப் போனார். கதிரை எங்கே என்று மறந்துவிட்டது. நிலத்தில் இருந்தார். நானும் பக்கத்தில் இருந்தேன். வெயில் ஏறும் மட்டும் இருந்தோம்.

பிறகு கேட்டார். "சில்வண்டு?"

"அது உண்மையாச் சில்வண்டுதான்," என்றேன். அதையும் அவரிடம் இருந்து பறிக்க எனக்கு மனம் வரவில்லை. அது பொய்யும் இல்லை.

கிண்ணம்

வானுக்குப் புதுக் குழாய் போட்டார்கள். சீற்றுக்குக் கீழே கழுவினோம். சில தாய்மார் பிள்ளைகளை அனுப்பவில்லை. நான் கோபிக்கவில்லை. நானும் அனுப்பியிருக்க மாட்டேன். மற்றவர்கள் அனுப்பினார்கள்.

திரும்ப ஓடத் தொடங்கிய நாள் கடவைக்குக் கிட்டப் போனேன். வேலிக்காரர் வேலியைத் திரும்ப அடைத்துவிட்டார். புதுக் கிடுகு. அதன் அடியில் செவ்வரத்தம்பூ. மஞ்சள் துண்டு. ஒரு சில்வர் கிண்ணத்தில் பால்.

இறங்கிப் பார்த்தேன். விளிம்பில் பெயர் வெட்டியிருந்தது.

வேலிக்காரர் உள்ளே இருந்து எட்டிப் பார்த்தார். "உந்தக் கிண்ணத்தை எடும் தங்கச்சி. எனக்கு எலி வரப்போகுது."

பாலை மரவள்ளிக்கு ஊற்றினேன். பின்னேரம் கிண்ணத்தைக் கழுவிக் கொண்டுபோய் பரமேஸ்வரியக்காவிடம் கொடுத்தேன்.

"ஏன் எடுத்தனி? நாகம்தானே பிள்ளையளைக் காப்பாத்தினது."

"எலி அக்கா. குழாயைக் கடிச்சது எலி."

"கடிச்சது எலி. நிப்பாட்டினது ஆர்?"

"ஹான்ட் பிரேக்."

"அதை இழுக்க வைச்சது ஆர்?"

 கை தானாகத்தான் போனது. அவவின் கண் கலங்கியிருந்தது. இரண்டு பிள்ளைகள். அவவுக்கும் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும். "பால் வைக்கிறதெண்டால் கோயிலிலை வையுங்கோ அக்கா," என்றேன். வந்துவிட்டேன்.

இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். கடவைக்கு முன்னம் வானை நிறுத்துவேன். சாவியைத் திருப்பி இயந்திரத்தையும் நிறுத்துவேன். ஹான்ட் பிரேக்கை இழுப்பேன்.

"ஒருத்தரும் கதைக்கப்படாது."

பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பார்கள். நான் முதலில் காலடியைக் கேட்பேன். ஒன்றும் இல்லை. இயந்திரம் சூடு ஆறும் டிக் டிக் மட்டும். பிறகு வெளியில் கேட்பேன். வாழையிலைகள். எங்கோ ஒரு கோழி.

நேற்று அப்படி இருந்தபோது தர்சி விரலை உயர்த்தினாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"வருது அன்ரி," என்றாள்.

கொஞ்சம் கழித்து எனக்கும் கேட்டது. வாழைகளுக்கு அங்கால் கூவியது. பிறகு வந்தது. காற்று அடித்தது. பெட்டி பெட்டியாகப் போனது.

ஹான்ட் பிரேக் இழுத்துத்தான் இருந்தது. வான் அசையாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கடைசிப் பெட்டி போகும் மட்டும் பிரேக்கில் இருந்து நான் காலை எடுக்கவில்லை.